கத்தியிலிருந்து மாத ஊசி வரை: முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சையின் வரலாறும் ஒலக்கூர் வட்டாரமும்

விழுப்புரம் மாவட்டத்து ஒலக்கூரில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால், வைத்தியத்துக்குப் போக நான்கு திசை உண்டு. தெற்கே முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. தென்கிழக்கே, திண்டிவனத்தில் பஸ் மாறி மேலும் சுமார் 40 கி.மீ. போனால் புதுச்சேரி ஜிப்மர். அங்கே 2002 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. வடக்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969-இல் எழுந்த அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. வடகிழக்கே ஜி.எஸ்.டி. சாலையையோ பாசஞ்சர் ரயிலையோ பிடித்தால் சென்னை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம்.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு இந்த நான்கு இடங்களில் எங்கே போனாலும் மருத்துவர் முதலில் பார்ப்பது ஒரு பயாப்சி அறிக்கையில் உள்ள இரண்டு வரிகளை: ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரொஜெஸ்டிரோன் ஏற்பி). அவை பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் சிகிச்சைக்கு வழி திறக்கிறது. தினசரி மாத்திரை, மாதம் ஒரு ஊசி, சில சமயம் இரண்டும். முடி கொட்டாது, மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி என்றால் 28 நாளுக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும். ஆண்டுக்குப் பதின்மூன்று பயணம், கூட வரும் ஒருவரின் பதின்மூன்று நாள் கூலி.

இந்த ஊசி எப்படி வந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்பதை இக்கட்டுரை தேடிப் பார்க்கிறது. ஹார்மோன் சிகிச்சையின் வரலாற்றைப் பழைய மருந்து போய்ப் புதிய மருந்து வந்த வரிசையாகச் சொல்வதே பாடநூல்களின் வழக்கம். வட தமிழகத்தின் ஒரு ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பார்க்கும்போது அந்த வரிசை கலைந்துவிடுகிறது. 1896-இல் எழுதப்பட்ட சிகிச்சையும் 2002-இல் ஒப்புதல் பெற்ற சிகிச்சையும் இன்று ஒரே வெளிநோயாளர் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருவருக்குச் சொல்லப்படலாம். எது யாருக்கு என்பதை மருந்தின் வீரியம் பாதி தீர்மானிக்கிறது. மீதியைப் பயணமும் பணமும் தீர்மானிக்கின்றன.

பீட்சனும் பசுவும்

ஹார்மோன் என்ற கருத்தே உருவாகாத காலத்தில் இந்தச் சிகிச்சை பிறந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன், இளம் வயதில் பால் சுரப்பைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் அது நீண்ட காலம் பால் தந்துகொண்டிருக்கும் என்பது சில நாட்டு விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேள்விப்பட்ட பீட்சனின் யோசனை வேறு பக்கம் ஓடியது. மார்பில் நடப்பதைத் தூரத்தில் உள்ள ஓர் உறுப்பு ஆட்டிவைக்கிறது என்றால், மார்பில் வரும் புற்றையும் அதே உறுப்பு ஆட்டிவைக்கலாம் அல்லவா?

1895 ஜூனில், மார்பை எடுத்த பிறகும் நோய் திரும்பி, இனி அறுவைக்கு வழியில்லை என்று ஆகிவிட்ட 33 வயதுப் பெண்ணுக்கு அவர் இரு சினைப்பைகளையும் நீக்கினார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்தன. 1896 ஜூலையில் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார். அந்தப் பெண் சுமார் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். பீட்சனுக்கு முன்பே, 1889-இல், ஆல்பர்ட் ஷின்சிங்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதே யோசனையைச் சொல்லியிருந்தார்; செய்து பார்க்கவில்லை.

1900-இல் ஸ்டான்லி பாய்டு அதுவரை பிரிட்டனில் நடந்த 54 அறுவைகளைத் தொகுத்தார். மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குப் பலன் இருந்தது. மற்றவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. இந்த 'மூன்றில் ஒன்று' அடுத்த அறுபது ஆண்டுகள் மருத்துவர்களைத் துரத்தியது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியும் இல்லை. எல்லோருடைய வயிற்றையும் திறக்க வேண்டும். மூன்றில் இருவருக்கு அது வீண்.

அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்தி இன்னும் ஆழம் போனது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைச் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் எடுத்தார். சுவீடனில் லுஃப்டும் ஆலிவெக்ரோனாவும் மண்டைக்குள் போய் பிட்யூட்டரி சுரப்பியையே நீக்கினார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலிலும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஊறும் எல்லா ஊற்றையும் அடைப்பதே நோக்கம். ஹக்கின்சுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது புராஸ்டேட் புற்றுநோயின் ஹார்மோன் சிகிச்சைக்காக. இந்த அறுவைகளின் துணிச்சலை வியக்கலாம். இவற்றைத் தாங்கிய பெண்களைப் பற்றி அக்காலக் கட்டுரைகளில் எண்ணிக்கைக்கு மேல் அதிகம் இல்லை.

எண்ணெயில் கரைத்த ஹார்மோன்

ஊசியின் கதை 1930-களின் இறுதியில், ஒரு முரணோடு தொடங்குகிறது. ஹார்மோனை எடுப்பது நல்லது என்று தெரிந்த பிறகு, ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியோனேட் மார்பகப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடப்பட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. எலும்பு வலி தணிந்தது. அதோடு குரல் தடித்தது, முகத்தில் முடி முளைத்தது. 1944-இல் அலெக்சாண்டர் ஹாடோவும் உடன் பணியாற்றியவர்களும், செயற்கை ஈஸ்ட்ரோஜனை மிகை அளவில் கொடுத்தால் வயதான பெண்களின் புற்று அடங்குவதாக எழுதினார்கள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றி அணைத்தாற்போன்ற இந்த விந்தை, டமாக்சிஃபென் மாத்திரை வரும்வரை வழக்கமான சிகிச்சையாகவே இருந்தது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரத்தில் நின்று பார்ப்பது தகும். ஸ்டிராய்டு ஹார்மோன்கள் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயில் கரைத்துத் தசைக்குள் போட்டால் அங்கேயே ஒரு தேக்கமாகத் தங்கி, நாள் கணக்கில், வாரக் கணக்கில் மெல்ல இரத்தத்துக்குள் கசியும். இதற்குப் பயன்பட்டவை நமக்கு அறிமுகமான எண்ணெய்களே: நல்லெண்ணெய், ஆமணக்கு எண்ணெய். 1950-களில் ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனத்தில் கார்ல் யுங்க்மான் உருவாக்கிய ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் கேப்ரோயேட் இந்த வகை. இன்றைய ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியைக் கரைத்துவைத்திருக்கும் திரவத்திலும் முக்கியப் பங்கு ஆமணக்கு எண்ணெய்க்குத்தான். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தை மல்லாட்டை ரகங்களுக்காக மட்டும் அறிந்தவர்கள், டி.எம்.வி. 5, டி.எம்.வி. 6 என்ற ஆமணக்கு ரகங்களுக்கும் அந்த ஊரின் பெயரே முதலெழுத்தாக நிற்பதைக் கவனிக்கலாம். தொடர்பு அவ்வளவுதான், ஊசிக்குள் போகும் எண்ணெய் வேறு எங்கோ சுத்திகரிக்கப்படுகிறது.

1970-களில் இத்தாலியின் பொலோனியாவில் பன்னூட்டியின் குழு, மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோனைத் தினமும் 1,500 மி.கி. வரை தசை ஊசியாகப் போட்டது. பலன் இருந்தது. அத்தனை ஊசிகளில் பிட்டத்தில் சீழ்க்கட்டிகளும் வந்தன. அதே வகையில் மெஜெஸ்ட்ரால் மாத்திரை வந்ததும் ஊசி பின்வாங்கியது. ஊசியும் மாத்திரையும் இப்படி மாறி மாறி முந்துவதை இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

யாருக்குப் பலிக்கும்?

பாய்டின் 'மூன்றில் ஒன்று' புதிரை அவிழ்த்தவர் ஓர் அறுவை மருத்துவர் இல்லை. எல்வுட் ஜென்சன் என்ற வேதியியலாளர். 1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில், கதிரியக்க அடையாளம் இட்ட ஈஸ்ட்ரோஜனைப் பின்தொடர்ந்து, அது சில திசுக்களில் மட்டும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அறிக்கையில் நாம் பார்க்கும் ஈ.ஆர். 1970-களின் தொடக்கத்தில், ஏற்பி இல்லாத கட்டிக்கு ஹார்மோன் சிகிச்சை அநேகமாகப் பலிக்காது என்று காட்டப்பட்டது. அன்றிலிருந்து முடிவெடுக்கும் இடம் அறுவை அரங்கிலிருந்து ஆய்வகத்துக்கு நகர்ந்தது. என் பார்வையில் இந்த நூற்று முப்பது ஆண்டு வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் எந்த மருந்தும் இல்லை, இந்தச் சோதனைதான்.

நம் நாட்டுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 2000-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 798 கட்டிகளைச் சோதித்து வெளியிட்டபோது, ஈ.ஆர். பாசிட்டிவ் ஆனவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மேலை நாடுகளில் இது பாதிக்கும் வெகு மேல். இந்தியப் பெண்களுக்கு வரும் நோயே வேறு வகை என்று பலர் எழுதினார்கள். நம் நோயாளிகளின் சராசரி வயது குறைவு என்பது அதில் ஒரு காரணம். இன்னொரு காரணம் சாதாரணமானது: ஃபார்மலின். வெட்டி எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். சிறிய நர்சிங் ஹோமில் எடுத்த துண்டு, நீர்த்துப்போன திரவத்தில் பாட்டிலில் அடைபட்டுப் பஸ்ஸில் பயணித்து ஆய்வகம் சேர்ந்தால், இருந்த ஏற்பியும் இல்லை என்றே தெரியலாம். அப்படி ஒரு பொய் 'நெகட்டிவ்', அந்தப் பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைத்திருக்க வேண்டிய எளிய சிகிச்சையை ஒரே வரியில் பறித்துவிடும். சோதனை முறைகள் திருந்திய பின் இந்தியாவிலும் பாசிட்டிவ் விகிதம் ஏறியிருக்கிறது.

அறிக்கை சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது: மாதவிடாய் நின்றுவிட்டதா? சினைப்பை வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு சிகிச்சை, நின்றவருக்கு வேறு. நம் கிராமங்களில் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் பலர். 'நின்று பத்து வருஷம் ஆச்சு' என்று அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் சினைப்பை உள்ளே இருந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருக்கலாம். அந்த நிலையில் மாதவிடாய் நின்றவருக்கான லெட்ரோசோல் மாத்திரையை மட்டும் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. எஃப்.எஸ்.ஹெச்., எஸ்ட்ராடியோல் என்ற இரண்டு இரத்தச் சோதனைகள் இதைத் தெளிவாக்கும். பழைய ஆபரேஷன் சீட்டு வீட்டில் இருந்தால் அதுவும் கை கொடுக்கும்.

அரிசி மணி அளவில் ஒரு மாதம்

இதற்கிடையே டமாக்சிஃபென் வந்துவிட்டது. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் 1962-இல் உருவாக்கிய இந்தச் சேர்மம் கருத்தடைக்கென்று தேடியதில் கிடைத்தது. 1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய நோயுள்ள 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பத்துப் பேருக்கு நல்ல பலன். 1973-இல் பிரிட்டனிலும் 1977 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல். இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்லாமல் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்ததால், நம் நிறுவனங்கள் இதை மலிவாகத் தயாரித்தன. இன்றும் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வாங்கி வந்து வீட்டிலேயே விழுங்கக்கூடிய மருந்து அது. தினமும் ஒன்று, பயணம் இல்லை.

மாத ஊசி வேறொரு ஆய்விலிருந்து வந்தது. சினைப்பையை மூளை ஆள்வது எந்தச் சமிக்ஞையால் என்பதை 1971-இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டறிந்தது: பத்து அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு புரதத் துண்டு. ஷாலியும் இதே தேடலில் இருந்த கில்லெமினும் 1977-இல் நோபல் பெற்றார்கள். அந்தச் சமிக்ஞை விட்டு விட்டு வந்தால் சினைப்பை இயங்கும். இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி மரத்துப்போய், சினைப்பை அடங்கிவிடும். 1982-இல் நெதர்லாந்தின் கிளெய்னும் டி யோங்கும் இதை முற்றிய மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்திக் காட்டினார்கள். பீட்சன் கத்தியால் செய்ததை மருந்தால் செய்தாயிற்று.

இந்த வகை மருந்தான கொசரலின் 3.6 மி.கி. ஊசியை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் மறக்காது. மருந்து திரவமாக இருக்காது. உடலில் கரையும் பாலிமருக்குள் வைத்த, நீண்ட அரிசி மணி போன்ற ஒரு வெள்ளைக் குச்சி. சாதாரண ஊசியைவிடத் தடித்த ஊசி வழியாக அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே அதைச் செருகுவார்கள். 28 நாளில் அது கரைந்து தீரும். அமெரிக்காவில் 1989-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் 1995-இல் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கும் ஒப்புதல் பெற்றது. இதன் உறவு மருந்தான லூப்ரோலைடு, தூளைக் கலக்கிப் போடும் ஊசி. அதற்கு மாதம் 3.75 மி.கி. என்றும், மூன்று மாதத்துக்கு 11.25 மி.கி. என்றும் அளவுகள் உண்டு.

ஊசி கத்தியைவிட மேலானதா? இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட அமெரிக்க ஆய்வு 1998-இல் வெளியானது. மாதவிடாய் நிற்காத, நோய் பரவிய பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சினைப்பை அறுவை, மற்றவர்களுக்குக் கொசரலின். இரண்டும் ஏறக்குறையச் சமம். போதிய பேர் சேராததால் 140-க்கும் குறைவான பெண்களோடு அந்த ஆய்வை முடித்துக்கொண்டார்கள். அறுவையா ஊசியா என்பதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட அங்குள்ள பெண்கள் பலர் விரும்பவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஊசியை நிறுத்தினால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளும். கத்தி திரும்பி வராது. இளம் பெண்ணுக்கு இது சிறிய வேறுபாடு இல்லை.

ஆனால் கிழக்கே வேறொரு கணக்கு நடந்தது. 1993 முதல் 1999 வரை வியட்நாமிலும் சீனாவிலும் ரிச்சர்டு லவ் தலைமையில், அறுவைக்கு உகந்த நோயுள்ள 709 பெண்களிடம் ஓர் ஆய்வு. பாதிப் பேருக்கு மார்பக அறுவையோடு சினைப்பைகளையும் நீக்கி டமாக்சிஃபென் கொடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 75 சதவீதம், மற்றதில் 58 சதவீதம். முடிவு வெளியானது 2002-இல். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஃபுல்வெஸ்ட்ரன்ட் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள். ஒன்று நூறாண்டுப் பழைய அறுவைக்கு, மற்றொன்று புதிய ஊசிக்கு. ஒலக்கூருக்கு இரண்டில் எது அதிகம் பொருந்தும் என்று அப்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏற்பியையே அழிக்கும் ஊசி

டமாக்சிஃபென் ஏற்பியில் போய் அமர்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. சில திசுக்களில் தானே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் போலவும் நடக்கிறது. கருப்பை உட்சுவர் தடிப்பது அதனால்தான். நாளடைவில் புற்றும் அதோடு பழகிவிடும். அப்படி ஈஸ்ட்ரோஜன் போல நடக்காமல் முழுமையாகத் தடுக்கும் ஒன்றை ஐ.சி.ஐ.யின் ஆலன் வேக்லிங், ஜீன் பௌலர் ஆகியோர் தேடினார்கள். 1991-இல் அவர்கள் வெளியிட்ட ஐ.சி.ஐ. 182,780 என்ற சேர்மமே பின்னாளில் ஃபுல்வெஸ்ட்ரன்ட். இது ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அதன் வடிவத்தைக் குலைத்து, செல்லே அதைச் சிதைத்துவிடும்படி செய்கிறது. 1995-இல் ஆண்டனி ஹவெல் குழு, டமாக்சிஃபென் கைவிட்ட 19 பெண்களுக்கு இதைக் கொடுத்தது. 13 பேருக்கு நோய் சுருங்கியது அல்லது நின்றது.

குறை ஒன்று: வாய்வழி கொடுத்தால் போதிய அளவு இரத்தத்தில் சேராது. ஆகவே ஆமணக்கு எண்ணெயில் கரைத்த ஊசி. 5 மி.லி. எண்ணெயில் 250 மி.கி. மருந்து பிடிக்கும், ஒரு பிட்டத் தசையில் ஒருமுறை போடக்கூடிய எண்ணெய்க்கும் அதுவே ஏறக்குறைய எல்லை. அதனால் 2002-இல் ஒப்புதல் பெற்ற அளவு மாதம் 250 மி.கி. அந்த அளவில் அது லெட்ரோசோல் வகையைச் சேர்ந்த அனாஸ்ட்ரோசோல் மாத்திரைக்குச் சமமாக நின்றது, மேலே போகவில்லை. மருந்து சுமார்தான் என்று பலர் ஒதுக்கினார்கள். பிறகு 736 பெண்களிடம் நடந்த கன்ஃபர்ம் ஆய்வில் இரு பிட்டத்திலும் ஒவ்வொரு ஊசியாக 500 மி.கி. போட்டுப் பார்த்தார்கள். நோய் முன்னேறாமல் இருந்த காலம் 5.5 மாதத்திலிருந்து 6.5 ஆனது, இடைநிலை (மீடியன்) உயிர்வாழ்வுக் காலம் 22.3 மாதத்திலிருந்து 26.4 ஆனது. 2010-இல் அளவு மாற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள் உலகெங்கும் பெண்கள் பாதி அளவைத்தான் பெற்றிருக்கிறார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

2016-இல் வெளியான ஃபால்கன் ஆய்வில், முன்பு ஹார்மோன் சிகிச்சையே எடுக்காத 462 பெண்களிடம் ஃபுல்வெஸ்ட்ரன்ட் 16.6 மாதமும் அனாஸ்ட்ரோசோல் 13.8 மாதமும் நோயைத் தடுத்து நிறுத்தின. இப்போது பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் போன்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தருவது வழக்கம். மாதவிடாய் நிற்காதவருக்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட்டோடு சினைப்பையை அடக்கும் ஊசியும் வேண்டும், அல்லது அறுவை. அந்த வயதுப் பெண்களிடமே நடந்த மோனாலீசா-7 ஆய்வில் ரைபோசிக்ளிப் சேர்த்தவர்களில் 42-ஆம் மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். சேர்க்காதவர்களில் 46 சதவீதம்.

ஊசி போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு அது தேவை. முன்பே மருந்து நிரப்பிய இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகள். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்தால் எண்ணெய் இளகும். ஒவ்வொரு பிட்டத்திலும் ஒன்று, ஒவ்வொன்றையும் ஒன்று முதல் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் வலி, இடம் தவறினால் இடுப்பு நரம்பில் படும். முதல் நாள், 15-ஆம் நாள், 29-ஆம் நாள், பிறகு மாதம் ஒருமுறை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கல்லீரல் பழுதிருந்தால் அளவு குறையும். சலைன் வேண்டாம், கீமோ அறை வேண்டாம்.

மும்பையின் ஒற்றை ஊசி

இந்தியாவில் நடந்த ஹார்மோன் ஊசி ஆய்வுகளில் பெயர் பெற்றது டாடா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே தலைமையில் நடந்தது. முற்றிய நோய்க்கு அல்ல, அறுவைக்கு உகந்த நோய்க்கு. 1,000 பெண்களில் பாதிப் பேருக்கு, அறுவைக்கு 5 முதல் 14 நாள் முன்பு, ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் 500 மி.கி. ஒரே ஒரு தசை ஊசி. பிரசவப் பிரிவுகளுக்குப் பழக்கமான, விலை குறைந்த பழைய மருந்து. 2011-இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. அக்குள் நிணநீர்க் கணுவில் நோய் பரவியிருந்த 471 பேரைத் தனியே பார்த்தால், ஐந்தாண்டில் நோயின்றி இருந்தவர்கள் 65.3 சதவீதம், ஊசி போடாதவர்களில் 54.7 சதவீதம். உட்பிரிவில் கிடைத்த பலனை முழுப் பலனாக எண்ணக்கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆனாலும் லாபம் தராத ஒரு மருந்தை எந்த நிறுவனமும் இப்படிச் சோதித்துப் பார்க்காது. ஒரு பொது மருத்துவமனைதான் செய்யும். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே இந்த ஆய்வு நினைவில் நிற்க வேண்டியது.

விலையும் பஸ்ஸும்

விலைப் பக்கம் நிலைமை முன்பைவிட மேல். ஃபுல்வெஸ்ட்ரன்ட்டுக்கு இந்திய ஜெனரிக் மருந்துகள் வந்துவிட்டன. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டியது. லூப்ரோலைடை உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் இந்தியப் பட்டியலும் சேர்த்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கி, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது.

காப்பீடு தாங்காத செலவு வேறு. ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை; அங்கிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ மொஃபசல் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்க வேண்டும். துணைக்கு வரும் மகனுக்கு இரண்டுக்கும் டிக்கெட். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும், அதற்கொரு வரிசை. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்றால் முதல் ஆண்டில் 14 தடவை. எலும்பில் நோய் உள்ளவருக்குப் பஸ்ஸின் பின்சீட்டுக் குலுக்கல் தனித் தண்டனை. நடவுக் காலத்திலும் மல்லாட்டை பிடுங்கும் காலத்திலும் ஊசி நாள் தள்ளிப்போவது இப்படித்தான். 28 நாள் 40 நாளானால், அடங்கியிருந்த சினைப்பை விழித்துக்கொள்ள இடம் கிடைக்கும்.

இதனால்தான் பரவிய நோயுள்ள, பிள்ளை பெற்று முடித்த, நாற்பதுகளில் உள்ள கிராமத்துப் பெண்ணுக்கு லேப்ராஸ்கோப் வழியாகச் சினைப்பையை எடுத்துவிடுவதை நான் பின்தங்கிய சிகிச்சையாகப் பார்க்கவில்லை. ஓரிரு நாள் படுக்கை. அதன் பிறகு மாத்திரை போதும் என்ற நிலை வரலாம். வயது முப்பது என்றால், நோய் வேகமாக ஓடுகிறது என்றால், அறுவையைத் தாங்கும் உடல் இல்லை என்றால் கணக்கு மாறும். முக்கியமானது, இரண்டு வழியும் இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது. ஏற்பியை அழிக்கும் மாத்திரையும் வந்துவிட்டது; 2023 ஜனவரியில் எலசெஸ்ட்ரன்ட் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, ஈ.எஸ்.ஆர்.1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும். அது இந்தப் பக்கத்து மருந்தகங்களுக்கு எட்டும் விலையில் வர நாளாகும். அதுவரை ஊசிதான்.

ஊசியை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. 2 முதல் 8 டிகிரிக் குளிர் என்பது குழந்தைகளின் தடுப்பூசிக்கு வேண்டிய அதே குளிர். அதற்கான பெட்டி ஒவ்வொரு வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தசை ஊசி போடத் தெரிந்த செவிலியர் இருக்கிறார். இரண்டு நிமிடம் மெதுவாகச் செலுத்தவும் நரம்பைத் தவிர்க்கவும் அவருக்கு அரை நாள் பயிற்சி போதும். முதல் ஊசியையும் மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேனையும் பெரிய மருத்துவமனை பார்த்துக்கொள்ளட்டும். இடைப்பட்ட ஊசிகள் திண்டிவனம் அரசு மருத்துவமனையில் போடப்படட்டும். எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையம் அமைப்பதாக 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்திருக்கிறது. அந்த மையங்கள் கீமோ நாற்காலிக்கும் கட்டடத்துக்கும் காத்திருக்காமல், முதலில் கொசரலின், லூப்ரோலைடு, ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசிகளோடு தொடங்கலாம். தாலுகா மருத்துவமனைக்கும் அதை நீட்ட மாநில அரசின் ஓர் ஆணை போதும். அந்த ஆணையைச் சுகாதாரத் துறை பிறப்பிக்க வேண்டும்.